38 வயதில் கராத்தே தொடங்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: வயது 38, நாள் முழுக்க நாற்காலி வேலை, குனிந்தால் கை தரையைத் தொடாது. வீட்டுக்கு அருகில் ஷோட்டோகான் என்ற கராத்தே ஸ்டைலில் கிளாஸ் நடக்கிறது. இந்த வயதில் சேரலாமா, சேர்ந்தால் எதைக் கவனிக்க வேண்டும், பிளாக் பெல்ட் வாங்க எத்தனை வருஷம் ஆகும்?

சேரலாம். ஹிரோனோரி ஓட்சுகா 1922இல், ஷோட்டோகானின் மூல ஆசானான கிச்சின் ஃபுனகோஷியிடம் கராத்தே கற்கப் போனபோது அவருக்கு வயது 30. ஜுஜுட்சு பழகிய உடம்பு, ஆனால் கராத்தே புதிது. அவர்தான் பின்னால் வாடோ ரியு என்ற தனி வழியை உருவாக்கினார். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கட்டா (எதிராளி இல்லாமல் தனியாகச் செய்யும் அசைவு வரிசை) பிரிவில் தங்கம் வாங்கிய ஸ்பெயினின் சாண்ட்ரா சான்செஸுக்கு அப்போது 39 வயது. அவர் சின்ன வயதிலேயே தொடங்கியவர், நமக்கு நேரான ஒப்பீடு இல்லைதான். ஆனாலும் நாற்பதை நெருங்கும் உடம்பு இந்தப் பயிற்சியைத் தாங்கும் என்பதற்கு அவர் போதும்.

பெரியவர்களை மாட்டிவிடுவது வளையாத உடம்பு அல்ல, சீக்கிரம் புரிந்துகொள்ளும் மூளைதான். ஒரு கட்டாவின் வரிசை பத்து வயதுப் பையனுக்குப் பதிய மாதங்கள் ஆகும். உங்களுக்கு இரண்டு வாரத்தில் வந்துவிடும். வந்ததும் வேகமும் பலமும் போடக் கை துறுதுறுக்கும். தசை ஆறேழு வாரத்தில் ஓரளவு வலுத்துவிடுகிறது. அதை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண்களும் மூட்டைப் பிடித்திருக்கும் தசைநார்களும் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. அதனால் முதல் வாரத்தைவிட மூன்றாவது மாதம்தான் ஆபத்து. கால் உயரும், மூச்சு வாங்காது, தைரியம் வந்திருக்கும். முழங்காலும் பின்தொடையும் குதிகால் தசைநாணும் மட்டும் இன்னும் பழைய ஆளாகவே இருக்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த இடைவெளியைச் சமாளிக்கும் வழிகள்தான்.

சேருவதற்கு முன் டாக்டரைப் பார்க்க வேண்டியவர்கள் யார்? ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு, முதுகுத் தண்டில் டிஸ்க் பிரச்சினை, முழங்காலில் பழைய காயம் இருப்பவர்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை ஒன்று உண்டு. குத்தின் கடைசியில் உடம்பை இறுக்கும் 'கிமே'யைப் புதியவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்வார்கள். மூச்சைப் பிடித்து இறுக்கினால் அழுத்தம் சட்டென்று ஏறும். குத்து முடியும்போது மூச்சு வெளியே போக வேண்டும். 'கியாய்' என்று குரல் கொடுக்கச் சொல்வதில் இந்த வசதியும் அடக்கம், கத்திக்கொண்டே யாராலும் மூச்சைப் பிடிக்க முடியாது. சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் பழகப் போகிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. கிளாஸ் முடிந்ததும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் தினமும் பார்க்க வேண்டும். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை மிகவும் இறக்கிவிடக்கூடிய மாத்திரை எடுப்பவர்களும் பயிற்சி நாளில் சாப்பாட்டையும் மருந்தையும் எப்படி வைத்துக்கொள்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும்.

இனி கிளாஸ். சேருவதற்கு முன் ஒரு வகுப்பை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பாருங்கள். வேண்டாம் என்று சொல்லும் மாஸ்டரிடம் சேர வேண்டாம். பெரியவர்களுக்குத் தனி பேட்ச் உண்டா, அல்லது எட்டு வயதுப் பிள்ளைகளோடு ஒரே வரிசையா? ஒரே வரிசை தப்பில்லை, ஆனால் வார்ம் அப் குழந்தைகளின் வேகத்தில் ஓடும். மாஸ்டர் எண்ணிக்கை மட்டும் சொல்லிக்கொண்டு நிற்கிறாரா, ஒவ்வொருவர் பக்கமும் வந்து முழங்காலையும் தோளையும் திருத்துகிறாரா என்று கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு ஆளை ஒருமுறைகூடத் தொட்டுத் திருத்தாத வகுப்பில் நீங்கள் தப்பைத்தான் ஆயிரம் தடவை செய்து பழகுவீர்கள்.

பார்த்ததும் எழுந்து வந்துவிட வேண்டிய காட்சிகள் மூன்று. கால்களை விரித்து உட்கார வைத்து முதுகின்மேல் இன்னொருவர் ஏறி அழுத்துவது. தண்டனையாகத் தவளைத் தாவலும் வாத்து நடையும் போட வைப்பது. முழுதாக மடங்கிய முழங்காலில் உடம்பின் பாரம் குதிக்கும்போது உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்புத் தட்டு நசுங்கும். சேர்ந்த முதல் வாரமே புதியவரைச் சண்டைக்கு இறக்கிவிடுவது. மூன்றும் 'பழைய முறை' என்ற பெயரில் இன்னும் நடக்கின்றன.

தரையையும் பாருங்கள். நம் ஊரில் கிளாஸ் பெரும்பாலும் மொட்டை மாடியிலோ பள்ளி மைதானத்திலோ கல்யாண மண்டபத்திலோ நடக்கும், கடற்கரை ஊர்களில் மணலில். சிமென்ட் தளம் குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் கொடுமை. அங்கே குதிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜிக்சா மேட் நல்லது, ஆனால் அதிக மெத்தென்று இருந்தால் கால் புதைந்து நிற்கும். மணலிலும் அதே கதை. உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். மணலில் நேர்க் குத்தும் நேர் உதையும் பழகலாம். சுழன்று உதைப்பதை அங்கே தவிர்ப்பது நல்லது.

எந்த ஸ்டைல் என்று அதிகம் யோசிக்க வேண்டாம். ஷோட்டோகானில் நிலைகள் நீளம், தாழ்வு. கோஜு ரியுவிலும் வாடோ ரியுவிலும் நிலைகள் குட்டை. முழங்கால் ஏற்கெனவே தகராறு செய்பவருக்குப் பின்னவை கொஞ்சம் இணக்கம். கியோகுஷினில் உடம்பில் நிஜமாகவே அடி விழும். நல்ல மாஸ்டர் கிடைக்கும் ஸ்டைலே நல்ல ஸ்டைல். போகிற போக்கில் ஒன்று: காஞ்சிபுரத்துப் போதிதர்மர்தான் கராத்தேயைத் தந்தார் என்று பல கிளாஸ்களில் முதல் நாளே சொல்வார்கள். போதிதர்மரையும் ஷாவோலின் உடற்பயிற்சியையும் இணைக்கும் கதை 17ஆம் நூற்றாண்டுச் சீன நூல் ஒன்றிலிருந்து கிளம்பியது, அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்தியது. கராத்தே வளர்ந்த இடம் ஒகினாவா. அந்தத் தீவின் உள்ளூர்ச் சண்டை முறையும் சீனாவின் ஃபூஜியன் பகுதியிலிருந்து வந்த முறைகளும் கலந்து அங்கே உருவானது. பெருமைக்காக வேறு கதை தேவையில்லை.

உடைக்கு 'கி' என்று பெயர். முதல் ஒரு மாதம் டிராக் பேன்டும் டி ஷர்ட்டும் போதும். வாங்கும்போது எண் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலான பிராண்டுகளில் 3 என்றால் 160 செ.மீ. உயரத்துக்கு, 4 என்றால் 170, 5 என்றால் 180. முழுப் பருத்தி முதல் சலவையில் சுருங்கும் என்பதால் இரண்டு எண்களுக்கு நடுவில் இருப்பவர் பெரியதை எடுக்கலாம். நம் வெயிலுக்கு 8 அவுன்ஸ் துணி தாராளம். 12, 14 அவுன்ஸ் துணி குத்தும்போது படபடவென்று சத்தம் போடும், வியர்வையில் ஊறினால் கல்லாகக் கனக்கும். இடது மடிப்பு மேலே வர வேண்டும். வலது மேலே வருவது ஜப்பானில் பிணத்துக்கு உடுத்தும் முறை. மோதிரம், செயின், காப்பு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மெட்டியோடு உதைத்தால் அடி வாங்குபவருக்குக் கீறல், போட்டிருப்பவருக்கு விரல் வீக்கம். கழற்ற முடியாததை டேப் சுற்றி மூடலாம். கை, கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு போங்கள்.

நேராக ஆபீஸ் நாற்காலியிலிருந்து வருகிறவருக்குத் தொடையும் இடுப்பும் சேரும் முன்பக்கத் தசை சுருங்கிப்போய் இருக்கும். வகுப்புக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய் வேக நடை, கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள் சுழற்றல், சுவரைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் பக்கத்துக்குப் பத்து முறை ஆட்டல், இவ்வளவும் செய்துவிடுங்கள். குளிர்ந்த உடம்பை ஒரே நிலையில் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரெச்சிங் முன்னால் வேண்டாம். அது வகுப்பு முடிந்த பிறகு, ஒவ்வொரு நிலையும் 30 விநாடி, இரண்டு முறை. ஆட்டி ஆட்டி இழுக்கக் கூடாது.

நிற்கும் நிலையிலிருந்து தொடங்குவோம், பாதி காயங்கள் இங்கேதான் பிறக்கின்றன. ஸென்குட்சு டாச்சி என்ற முன்நிலையில் ஒரு கால் முன்னே மடங்கியும் மற்றது பின்னே நீண்டும் இருக்கும். நீளம் தோள் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அகலம் ஒரு தோள் அளவு, எடை முன்காலில் 60, பின்காலில் 40. மேலிருந்து பார்த்தால் முன் முழங்கால் கால்விரல்களை ஏறக்குறைய மறைக்க வேண்டும். பின்பாதம் 30 முதல் 45 டிகிரிக்குள் முன்னோக்கி இருக்க வேண்டும், குதிகால் தரையில்.

கணுக்காலும் இடுப்பும் இறுகிய ஆளால் இது முடியாது. அப்போது உடம்பு மூன்று விதமாக ஏமாற்றும். பின்பாதம் முழுக்கப் பக்கவாட்டில் திரும்பிவிடும், அல்லது பின்குதிகால் தூக்கிக்கொள்ளும், அல்லது முன் முழங்கால் உள்பக்கம் சரியும். மூன்றாவதுதான் மோசம், முழங்காலின் உள்பக்க வலிக்கு நேர்வழி. மருந்து எளிது: நிலையைக் குட்டையாக்குங்கள். தோள் அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு போதும். முழங்கால் பாதத்தின் நடுவிரலை நோக்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். தாழ்வும் நீளமும் ஆறு மாதத்தில் தானாக வரும். 'இன்னும் கீழே' என்று மாஸ்டர் குரல் கொடுத்தாலும் முழங்கால் சரியாமல் எவ்வளவு போக முடியுமோ அவ்வளவுதான் உங்கள் அளவு. இதை அவரிடம் மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

அந்த நிலையிலேயே நடக்கும்போது இன்னொரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அடி எடுத்து வைக்கும் முன் முன்பாதத்தைச் சட்டென்று வெளிப்பக்கம் திருப்பிவிடுவார்கள். எதிராளிக்கு அது முன்னறிவிப்பு, உங்கள் முழங்காலுக்கு முறுக்கு. பாதம் அப்படியே நேராக இருக்க, பின்கால் தரையை உரசியபடி நிற்கும் காலருகே வந்து, அங்கிருந்து வெளியே விரிந்து முன்னே போக வேண்டும். தலை ஏறி இறங்கக் கூடாது. மடித்த துண்டு ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஹாலில் நடந்து பாருங்கள், விழும் இடத்தில் தப்பு தெரியும்.

அடுத்து முஷ்டி. நான்கு விரல்களையும் நுனியிலிருந்து இறுகச் சுருட்டி, கட்டைவிரலை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின்மேல் குறுக்கே பூட்ட வேண்டும். கட்டைவிரல் உள்ளே போனாலும் மேலே துருத்தினாலும் ஒருநாள் முறியும். படும் இடம் ஆள்காட்டி விரல், நடுவிரல் இவற்றின் முட்டிகள் மட்டும். புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில். குத்திப் பழகத் தொங்கவிடும் பையில் குத்தும்போது சுண்டுவிரல் பக்கம் பட்டால் அந்தப் பக்கத்துக் கை எலும்பு முறிவது அடிக்கடி நடக்கிற விஷயம். அதனால் முதல் மூன்று மாதம் பை வேண்டாம், அதன் பிறகும் அரை பலத்தில்தான். முஷ்டியைக் கட்டாந்தரையில் ஊன்றித் தண்டால் எடுப்பது பார்க்க வீரமாக இருக்கும். மணிக்கட்டு பழகும் வரை மடித்த போர்வையில், முழங்காலை ஊன்றி எடுத்தால் போதும்.

குத்து இடுப்பெலும்புக்குச் சற்று மேலிருந்து, உள்ளங்கை மேலே பார்த்தபடி கிளம்பும். முழங்கை விலாவை உரசிக்கொண்டு போக வேண்டும். முஷ்டி கடைசிச் சாண் தூரத்தில்தான் திரும்பும். அதே நேரத்தில் மற்றக் கை இடுப்புக்கு இழுபட வேண்டும், இதற்கு 'ஹிகிதே' என்று பெயர். புதியவர்கள் முழங்கையை வெளியே அகட்டி, தோளைத் தூக்கி, முஷ்டியைப் பாதி வழியிலேயே திருப்பிவிடுவார்கள். இரண்டு வாரத்தில் தோள் முனையில் வலி வரும். திருத்த ஒரு சுவர் போதும். குத்தும் கைப்பக்கத் தோளுக்கும் சுவருக்கும் நாலு விரல் இடைவெளி விட்டு நின்று மெதுவாகக் குத்துங்கள். முழங்கை அகன்றால் சுவரில் இடிக்கும். அவ்வளவு தெளிவான ஆசான் வேறு இல்லை.

காற்றில் குத்தும்போது முழங்கையை முழுவதும் நீட்டி 'டக்' என்று பூட்டாதீர்கள். பையில் குத்தினால் அந்த வேகத்தைப் பை வாங்கிக்கொள்ளும். காற்றில் உங்கள் முழங்கை மூட்டுதான் வாங்க வேண்டும். ஒரு இம்மி மடக்கம் மிச்சம் வைத்து, அக்குளுக்குக் கீழே உள்ள தசையை இறுக்கி நிறுத்த வேண்டும். வேகமாக 100 குத்து குத்தினேன் என்பதற்குப் பதில், கையை எங்கே நிறுத்துகிறோம் என்று தெரிந்து 20 குத்து மேல்.

உதைகளில் முதலாவது மாயே கேரி, முன்னால் உதைப்பது. அதை நாலு துண்டாக்கிப் பழகுங்கள்: முழங்காலை மார்பை நோக்கித் தூக்கு, காலை நீட்டு, அதே வழியில் மடக்கு, கீழே வை. மூன்றாவது துண்டை எல்லோரும் விழுங்கிவிடுவார்கள். கால் நீண்ட இடத்திலிருந்து அப்படியே தொப்பென்று முன்னால் விழும், கூடவே உடம்பும் விழும். அந்த நேரத்தில் எதிராளி காலைப் பிடித்தால் கதை முடிந்தது. படவேண்டியது பெருவிரலுக்குக் கீழே உள்ள மேடு, விரல்கள் பின்னால் மடங்கியிருக்க வேண்டும். விரல்களை மடக்க வராதவர் பையில் உதைத்தால் பெருவிரல் சுளுக்கிக்கொள்ளும். நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தூக்கி, விரல்களை மட்டும் தரையில் ஊன்றி அழுத்தும் பயிற்சியைத் தினம் ஒரு நிமிஷம் செய்தால் ஒரு மாதத்தில் மடங்கும்.

உயரம்? பெல்ட் முடிச்சின் உயரம். ஓராண்டுக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. முகத்துக்கு உதைக்கும் ஆசையில்தான் பின்தொடைத் தசைகள் கிழிகின்றன. கிழிந்தால் வாரங்களோ மாதங்களோ போய்விடும்.

மவாஷி கேரி, அதாவது சுற்றி வீசும் உதை, மூன்றாவது மாதத்துக்குப் பிறகு வரட்டும். அதில் ஒரே ஒரு விதிதான்: நிற்கும் கால் முதலில் திரும்ப வேண்டும். உதை படும் நேரத்தில் நிற்கும் குதிகால் இலக்கைப் பார்த்திருக்க வேண்டும். பாதம் நட்டுவைத்ததுபோல் நிற்க, இடுப்பு மட்டும் சுழன்றால் முழங்காலில்தான் போய் முடியும். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு வெறும் பாதத் திருப்பலை மட்டும் பத்துப் பத்தாகப் பழகுங்கள். பிறகு அதன்மேல் முழங்காலைத் தூக்குவது, அதன்மேல் உதை.

வாரம் இரண்டு வகுப்பு போதும், மூன்றுக்கு மேல் முதல் ஆண்டில் வேண்டாம். வகுப்பில்லாத நாட்களில் மூன்று நாள், 15 நிமிஷம் வீட்டில் செய்தால் கிடைக்கும் பலன் அதிகம். ஒன்றரை மடங்கு நீள முன்நிலையில் 20 விநாடி நிற்பது, பக்கத்துக்கு மூன்று முறை. சுவர்க் குத்து பக்கத்துக்கு 20. நாலு துண்டு மாயே கேரி சுவரைப் பிடித்தபடி பக்கத்துக்கு 10, உதை முழங்கால் உயரத்தில், மெதுவாக. கடைசியாகப் படிக்கட்டு விளிம்பில் முன்பாதம் ஊன்றி, இரண்டு காலால் எழும்பி, ஒரு காலால் மெதுவாக மூன்று எண்ணும் நேரம் குதிகாலை இறக்குவது, பக்கத்துக்கு 10. கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாம். நாற்பதை ஒட்டியவர்களுக்கு இந்தக் கடைசிப் பயிற்சிதான் காப்பீடு, திடீரென்று பாயும் விளையாட்டுகளில் இந்த வயதில் முதலில் அறுவது குதிகால் தசைநாண்.

இனி கட்டா. முதலில் வருவது ஹெயான் ஷோடான். சில கிளாஸ்களில் அதற்கு முன் தாய்க்யோகு ஷோடான் வைப்பார்கள். ஹெயான் வரிசை ஐந்தும் அன்கோ இடோசு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகினாவாப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்த பினான் கட்டாக்களிலிருந்து வந்தவை. அங்கே இரண்டாவதாக இருந்ததை ஃபுனகோஷி எளிது என்று முதலாவதாக மாற்றினார். அசைவுகள் 21. நடக்கும் தடம் ஆங்கில எழுத்து ஐயைப்போல மேலும் கீழும் குறுக்குக் கோடு போட்டது. கியாய் இரண்டு இடத்தில்: 9ஆவது அசைவில், மூன்றாவது அகே உகே (முன்கையை மேலே தூக்கித் தடுப்பது) முடியும்போது, 17ஆவது அசைவில், திரும்பி வரும் வழியில் மூன்றாவது குத்தில். கடைசி நான்கும் பின்நிலையில் ஷூட்டோ உகே, திறந்த கை விளிம்பால் தடுப்பது. பின்நிலையில் எடை பின்காலில் 70 சதம் நிற்க வேண்டும், இரண்டு குதிகால்களும் ஒரே கோட்டில். அங்கே மடங்கிய பின் முழங்கால் உள்ளே சரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லோரும் தடுமாறுவது 9இலிருந்து 10க்கும் 17இலிருந்து 18க்கும் போகும் 270 டிகிரித் திருப்பத்தில். உடம்பை வீசித் திரும்புவதால் இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். கயிற்றில் நிற்பதுபோல் ஆடும். சரியான வரிசை இது: முதலில் கண் பார்க்கட்டும், அடுத்து இடது கால் பின்னால் நீண்டு போதிய அகலம் தாண்டி ஊன்றட்டும், அதன் பிறகு இடுப்பு திரும்பட்டும், கை கடைசி. காலைப் போதிய அகலம் தாண்டி வைக்கவில்லை என்றால் இடுப்பு எவ்வளவு திரும்பினாலும் நிலை அமையாது.

தனியாகப் பழகும்போது தப்பைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தொடங்கும் இடத்தில் தரையில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இந்தக் கட்டா தொடங்கிய இடத்தில்தான் முடிய வேண்டும். டேப்புக்கு முன்னால் முடிந்தால், திரும்பி வரும் மூன்று குத்தடிகள் போகும்போது வைத்த அடிகளைவிடக் குட்டை. பக்கவாட்டில் விலகி முடிந்தால் இடது, வலது அடிகள் சமமில்லை. செல்போனில் எடுத்துப் பார்ப்பதைவிட இது சீக்கிரம் காட்டிக்கொடுக்கும்.

குமிட்டே என்ற எதிரெதிர்ப் பயிற்சியில் முதல் படி கோஹோன் குமிட்டே. ஒருவர் ஐந்து அடி முன்னேறி ஐந்து முறை முகத்தை நோக்கிக் குத்துவார், மற்றவர் பின்வாங்கியபடி தடுத்து ஐந்தாவதில் திருப்பிக் குத்துவார். அகே உகேயில் முன்கை நெற்றிக்கு மேல் சாய்வாக, ஒரு முஷ்டி தூரத்தில் நிற்க வேண்டும். புதியவர் அதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு எதிராளியைப் பார்க்க முடியாமல் நிற்பார். அதைவிடப் பெரிய தப்பு குத்துபவர் பக்கம் இருக்கிறது. அடிபட்டுவிடுமோ என்று காதோரமாகக் குத்துவார். பெரியவர்கள் பண்பாக நடந்துகொள்வதாக நினைத்துச் செய்வது இது. தடுப்பவர் கையை அசைக்காமலே தப்பித்துவிடுவார், தடுத்ததாக நம்பவும் செய்வார். குத்து மூக்கை நோக்கித்தான் வர வேண்டும், மெதுவாக வரலாம், இரண்டு விரல் தூரத்தில் நிறுத்தலாம். பக்கவாட்டில் மட்டும் போகக் கூடாது.

கட்டற்ற சண்டைக்கு, அதாவது ஜியு குமிட்டேக்கு, ஒன்பது மாதமோ ஓராண்டோ கழித்துப் போனால் போதும். வெந்நீரில் மென்மையாக்கிக் கடித்து அச்செடுக்கும் பல் கவசம், கையுறை, காலெலும்புக் கவசம், ஆண்களுக்கு அடிவயிற்றுக் கவசம், பெண்களுக்கு மார்புக் கவசம், இத்தனையும் சொந்தமாக வேண்டும். கிளாஸில் பொதுவாகக் கிடக்கும் பல் கவசத்தைத் தொடவே வேண்டாம். கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்றிவிட்டு மங்கலாகப் பழகலாம், அல்லது மென்மையான கான்டாக்ட் லென்ஸ். கண்ணாடியோடு குமிட்டே கிடையாது.

வலியைப் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வகுப்புக்கு மறுநாளும் அதற்கு மறுநாளும் இரண்டு தொடையிலும் பரவலாக, அழுத்தினால் கூடும் வலி தசைவலி. நடந்தால் குறையும், பழகலாம். ஒரு பக்கம் மட்டும், ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், மூட்டில் சுருக்கென்று வருவது வேறு. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் குத்துவதும் இந்த வகைதான். அன்றைக்கு அந்த அசைவை நிறுத்துங்கள். மூட்டு வீங்கினால், பூட்டிக்கொண்டால், பாரம் தாங்காமல் மடங்கினால் டாக்டர். வென்னீர் ஒத்தடத்தோடு மறுநாள் வகுப்புக்குப் போவது வீரமில்லை.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். நிற பெல்ட்டும் டான் என்ற கறுப்பு பெல்ட் பட்டமும் ஒகினாவாவில் பிறந்தவை அல்ல, ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவின் ஏற்பாட்டிலிருந்து எடுத்தவை. ஃபுனகோஷி முதல் டான் பட்டங்களைக் கொடுத்தது 1924இல். வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில் எத்தனை நிறம், எந்த வரிசை என்பது சங்கத்துக்குச் சங்கம் மாறும். வாரம் இரண்டு மூன்று நாள் விடாமல் போகிறவருக்கு ஷோடான், அதாவது முதல் பிளாக் பெல்ட், மூன்றரை முதல் ஐந்து ஆண்டு. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் போகிறவர் ஆறு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது. ஒன்றரை வருஷத்தில் கறுப்பு பெல்ட் என்று போர்டு வைத்திருந்தால் அங்கே விற்பது பெல்ட்தான். சேரும்போதே நான்கு விஷயம் கேட்டுவிடுங்கள்: மாதக் கட்டணம் தவிரப் பெல்ட் டெஸ்ட்டுக்கு ஒவ்வொரு முறையும் எவ்வளவு, ஆண்டுச் சந்தா உண்டா, சான்றிதழில் கையெழுத்திடுவது எந்தச் சங்கம், டெஸ்ட்டில் தேறாமல் போனவர் யாராவது உண்டா. கடைசிக் கேள்விக்கு மாஸ்டர் 'நம்ம கிளாஸ்ல எல்லாரும் பாஸ்தான்' என்று பெருமையாகச் சொன்னால் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் இடையில் விடுவார்கள். பிராஜெக்ட் நெருக்கடி, பிள்ளைகள் பரீட்சை, ஊர்த் திருவிழா என்று ஏதாவது வரும். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப் போனவர் திரும்பியதும் விட்ட இடத்திலிருந்து பிடிக்கப் பார்ப்பார். வரிசை நினைவிருக்கும், உடம்பு இறங்கியிருக்கும். முதல் இரண்டு வகுப்பு பாதி வேகம், உதை முழங்கால் உயரம், குமிட்டே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் போனால் அதையே இரண்டு வாரத்துக்கு நீட்டுங்கள். விட்டிருக்கும் நாட்களிலும் கட்டாவைக் கையோடு வைத்துக்கொள்ளலாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது 21 அசைவையும் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள், அந்த 270 டிகிரித் திருப்பத்தில் எந்தக் கால் நகர்கிறது என்று சேர்த்து.